மூன்று சூனியக்காரிகளும் ஒரு பிணமும்

‘பாத் ஆஃப் எக்ஸைல்’ ஆட்டத்தில் எதிரி செத்து விழுந்ததும் மற்ற வீரர்களுக்கு வேலை முடிந்துவிடுகிறது. தரையில் என்ன பொருள் சிதறியிருக்கிறது என்று பார்த்துப் பொறுக்கிக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடுவார்கள். சூனியக்காரிக்கு அப்போதுதான் வேலை தொடங்குகிறது. ஆட்டக்காரர்கள் ‘விட்ச்’ என்றே சொல்லும் இவள், பொருளைப் பார்ப்பதற்கு முன் பிணத்தைப் பார்க்கிறாள். அவளுக்கு நெக்ரோமான்சர், எலிமென்டலிஸ்ட், ஆக்கல்டிஸ்ட் என்று மூன்று உட்பிரிவுகள். ஒருத்தி பிணத்தை எழுப்புகிறாள், ஒருத்தி கொளுத்துகிறாள், ஒருத்தி வெடிக்கவைத்துச் சுவடே இல்லாமல் செய்கிறாள். எந்த உட்பிரிவை எடுக்கலாம் என்று கேட்டு வரும் பிள்ளைகளிடம் நான் அடி எவ்வளவு, வேகம் எவ்வளவு என்று கணக்குச் சொல்வதில்லை. செத்ததை என்ன செய்ய உனக்குப் பிடிக்கும் என்று கேட்பேன். பதிலிலேயே ஆள் தெரிந்துவிடும்.

இது என்ன பேச்சு என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். போர்க்களத்துப் பிணத்தை ரசித்துப் பார்ப்பது தமிழுக்குப் புதிதல்ல. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் பேய்கள் களத்தில் கூடிக் கூழ் சமைப்பதற்கென்றே ஒரு பகுதி உண்டு. எது பானை, எது அகப்பை, எது அரிசி என்று பேய்களுக்கு இருக்கும் அந்த அக்கறைதான் நல்ல விட்ச் ஆட்டக்காரருக்கும் வேண்டியது.

ஆட்டத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இருக்கும் கிரைண்டிங் கியர் கேம்ஸ் நிறுவனம் 2013 அக்டோபர் 23 அன்று முறையாக வெளியிட்ட இணைய ஆட்டம் இது. மேலிருந்து பார்க்கும் கோணம், கூட்டம் கூட்டமாக வரும் அரக்கர்கள், நொடிக்கு நொடி கைவேகம். 2000இல் வந்த ‘டயாப்லோ 2’ ஆட்டத்தின் மேல் கொண்ட காதலில் பிறந்தது. பிணத்தை வெடிக்கவைக்கும் வித்தையை அந்த ஆட்டத்தின் நெக்ரோமான்சரிடம்தான் என் தலைமுறை முதலில் கண்டது. மந்திரவாதி என்ற ஒரே இனத்துக்குள் கிளை பிரிப்பது அதைவிடப் பழைய வழக்கம். காகிதமும் பகடையும் வைத்து ஆடிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்துக்கு 1978இல் வந்த கையேட்டிலேயே, மந்திரவாதியின் உட்பிரிவாக மாயத்தோற்றக்காரன் இடம்பெற்றுவிட்டான்.

ஆனால் பழைய ஆட்டங்களில் உட்பிரிவு என்றால் மந்திரப் பட்டியல். நெருப்புப் பிரிவை எடுத்தால் நெருப்பு மந்திரங்கள் கிடைக்கும், பனிப் பிரிவை எடுத்தால் பனி மந்திரங்கள் கிடைக்கும், அவ்வளவுதான். பாத் ஆஃப் எக்ஸைலில் மந்திரம் பிறவியோடு வருவதில்லை, கல்லாக வருகிறது. ‘ஜெம்’ எனப்படும் கற்களை அங்கியிலும் கையுறையிலும் கோலிலும் உள்ள குழிகளில் பதித்தால், கல்லுக்குரிய மந்திரம் கைக்கு வந்துவிடும். அதோடு இணைந்த குழியில் ஒரு துணைக்கல்லை வைத்தால் மந்திரத்தின் குணமே மாறும்: ஒன்று மூன்றாகும், தாவும், பரவும். கோடாரி தூக்கும் முரடன்கூட உரிய அறிவுப்புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டால் நெருப்புருண்டை எறியலாம். எல்லா மந்திரமும் எல்லோருக்கும் பொது என்றால் உட்பிரிவு எதற்கு? இங்கேதான் இந்த ஆட்டத்தை அமைத்தவர்களின் கைநயம் தெரிகிறது. அவர்களின் உட்பிரிவு மந்திரத்தைத் தருவதில்லை, மந்திரம் போட்ட பிறகு என்ன நடக்கும் என்பதை மாற்றுகிறது. அதனால் ஆடுபவர் நிற்கும் இடம் மாறுகிறது, விரல் போகும் வரிசை மாறுகிறது, கண் தேடும் பொருள் மாறுகிறது. ஒரே கல்லை மூன்று சூனியக்காரிகளிடம் கொடுத்துப் பாருங்கள். மூன்று பேரும் வேறு வேறு ஆட்டம் ஆடுவார்கள்.

‘அசெண்டன்சி’ எனப்படும் இந்த உட்பிரிவுகள் 2016 மார்ச் 4 அன்று சேர்க்கப்பட்டன. ஆறு பாத்திரங்களுக்கு மூன்று மூன்று, ஏழாவதான சயனுக்கு ஒன்று, ஆக மொத்தம் 19. இவற்றைச் சும்மா கொடுக்கவில்லை. வாரிசில்லாத பேரரசன் இசாரோ, தன் அரியணைக்குத் தகுந்தவரைத் தேட ஒரு சிக்கல்மாளிகை கட்டினான் என்பது கதை. முதலில் வழியெங்கும் ஒளிந்திருக்கும் ஆறு சிறு சோதனைகளைக் கடக்க வேண்டும். பிறகு மாளிகைக்குள் சுழலும் ரம்பங்கள், தரையிலிருந்து எழும் ஈட்டிகள், சுவரிலிருந்து பாயும் அம்புகள். பொறிகளின் அடி உங்கள் உயிரில் இத்தனை விழுக்காடு என்றுதான் கணக்கு. மலைபோல் உடம்புள்ள மராடர் என்ற பாத்திரமும் மெலிந்த விட்சும் அங்கே ஒன்றுதான். இடையில் செத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகலாம், ஆனால் துணை வந்தவர் உங்களுக்காக ரம்பத்தில் விழ முடியாது. இசாரோவோடு மூன்று முறை மோத வேண்டும், மூன்றாம் முறைதான் அவன் சாவான். அவன் தோற்கும்போது பேசும் குரலில் கோபம் இல்லை, ஒரு நிம்மதி இருக்கிறது. நடிகரின் அந்தக் குரலுக்காகவே மாளிகைக்குள் திரும்பத் திரும்பப் போகலாம்.

மாளிகையின் அமைப்பு நாள்தோறும் மாறும். அனைத்துலக நேரப்படி நள்ளிரவில் நடக்கும் இந்த மாற்றம் மலேசிய நேரப்படி காலை 8 மணிக்கு நடக்கிறது. ஊர் பசியாறப் போகிற நேரத்தில் இசாரோ தன் மாளிகையின் சுவர்களை இடம் மாற்றி வைத்துக்கொள்கிறான். இப்படி நான்கு மாளிகைகள். ஒவ்வொன்றையும் வென்றால் உட்பிரிவின் திறன்களை எடுக்க இரண்டு புள்ளிகள், ஆக எட்டு. நம் சித்தர்களுக்கும் எட்டு சித்திகள்தான். ஆக்லாந்துக்காரர்கள் திருமந்திரம் படித்திருக்க மாட்டார்கள் என்றாலும் இந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது.

முதலில் நெக்ரோமான்சர்.

பலர் இவளைச் சோம்பேறியின் பிரிவு என்று ஏளனம் செய்வார்கள். படை அடிக்கும், நாம் பின்னால் நின்று வேடிக்கை பார்க்கலாம் என்பது பேச்சு. அரைகுறையாக ஆடியவர்களின் பேச்சு அது. நெக்ரோமான்சருக்கு இரண்டு கண் போதாது. எழுப்பிய ஸோம்பிகள் எங்கே நிற்கின்றன, எது மூலையில் மாட்டிக்கொண்டது, எந்தப் பிணம் இன்னும் பயன்படும் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ‘கான்வொகேஷன்’ என்றொரு மந்திரம் உண்டு. அழுத்தினால் படை முழுவதும் நொடியில் அவள் காலடிக்கு வந்துவிடும், காயமும் கொஞ்சம் ஆறும். ‘பாஸ்’ எனப்படும் பெரிய அரக்கன் கையை ஓங்குகிறான். அடி விழும் இடத்தில் படை நிற்கிறது. நீங்கள் எதிர்ப்பக்கம் தாவி, தாவிய கையோடு கான்வொகேஷனை அழுத்துகிறீர்கள். ஓங்கிய அடி வெறும் தரையில் விழுகிறது. சோம்பேறிக்கு இது வராது.

ஆனால் இவளிடம் எனக்கு உயர்வாகத் தெரிவது படை அல்ல, ‘ஸ்பெக்டர்’. ஸோம்பி எந்தப் பிணத்திலிருந்து எழுந்தாலும் ஸோம்பிதான். ஸ்பெக்டர் அப்படியல்ல. எந்த அரக்கனின் பிணத்திலிருந்து எழுப்புகிறீர்களோ அந்த அரக்கனாகவே, அவனுடைய வித்தையோடு எழுந்து வருவான். நெருப்பு எறிந்தவன் நெருப்பு எறிவான். மற்றவர்களுக்கு வெறும் தடையாக இருக்கும் அரக்கக் கூட்டம் நெக்ரோமான்சருக்கு வேலைக்கு ஆள் எடுக்கும் சந்தையாகத் தெரிகிறது. தன்னைக் கொல்ல வருபவனின் வீச்சைப் பார்த்து, ‘பரவாயில்லையே, நல்ல கை’ என்று நினைத்துக்கொண்டே அவனைக் கொல்கிறாள். விக்கிரமாதித்தன் கதையில் முருங்கைமரத்துப் பிணத்தின் பெருமை அதற்குள் இருந்து பேசிய வேதாளத்தால் வந்தது. இந்த ஆட்டத்திலும் பிணத்துக்குள் இருக்கும் திறமைக்குத்தான் விலை.

இவளுடைய புள்ளிகளில் சில மிக நுட்பமானவை. பிணங்களைப் பலிகொடுத்துப் படைக்கு வலுவேற்றும் ‘ஆஃபரிங்’ மந்திரங்கள் மற்றவர்களிடம் படைக்கு மட்டும்தான் வேலை செய்யும். நெக்ரோமான்சர் உரிய புள்ளியை எடுத்துவிட்டால் பலியின் பயன் அவளுக்கும் கிடைக்கும். இன்னொரு புள்ளியில், சுற்றிலும் பிணங்கள் கிடந்தாலே அவளுக்குத் தெம்பு ஊறும். அப்புறம் என்ன, அவள் பிணங்களை எல்லாம் செலவழிக்கக் கூடாது, கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டும். எதை எழுப்புவது, எதைப் பலியிடுவது, எதைக் கிடத்திவைப்பது என்று ஒரு சிக்கனம் வந்துவிடுகிறது. அசுர வேகத்தில் ஓடும் ஆட்டத்தில் இந்தக் குடும்பத்தலைவியின் கணக்கு எனக்கு எப்போதும் வியப்புதான்.

இந்தப் பிணப்பித்து ஒருமுறை எல்லை மீறியது. 2024 மார்ச்சில் வந்த ‘நெக்ரோபொலிஸ்’ பருவத்தில் ஆட்டக்காரர்கள் எல்லோருமே பிணங்களைச் சேர்த்து, இடுகாட்டில் முறைப்படி புதைத்து, அதிலிருந்து ஆயுதம் உண்டாக்க வேண்டியிருந்தது. சவப்பெட்டிகளை ஒருவருக்கொருவர் விற்று வாங்கினார்கள். சில மாதங்களுக்கு ஒரு பருவம் என்று புதுப்பித்துக்கொண்டே இருக்கும் ஆட்டம் இது. ஒவ்வொரு பருவத்திலும் எல்லோரும் வெறுங்கையோடு கடற்கரையில் ஒதுங்கித் தொடங்க வேண்டும். அந்தப் பருவத்தில் மட்டும் கரையேறிய அனைவரும் வெட்டியான்களாகிவிட்டார்கள்.

எலிமென்டலிஸ்டிடம் சிக்கனம் கிடையாது. நெருப்பு, பனி, மின்னல் மூன்றும் அவளுடையவை. பின்னால் கோலெம் எனப்படும் குட்டி ஏவல் உருவங்கள் உருண்டு வரும். கல்லாலான கோலெம் அவள் உயிரை ஊறவைக்கும், மின்னல் கோலெம் கைவேகத்தைக் கூட்டும். பலரும் இவளை மூன்று நிறமும் சேர்த்து வாணவேடிக்கையாக ஆடுகிறார்கள். எனக்கு அது சலிப்பு. இவளுடைய அழகு ஒற்றை நெருப்பில் இருக்கிறது.

இந்த ஆட்டத்தில் பற்றிய நெருப்பு, நீட்டிக்காவிட்டால் 4 நொடிதான் எரியும். பத்து முறை பற்றவைத்தாலும் பத்து நெருப்பும் கூடிக்கொள்ளாது. அவற்றில் மிக வலுவானது எதுவோ அது மட்டுமே சுடும். இந்த ஒரு விதியை எடுத்துக்கொண்டு யோசியுங்கள். சடசடவென்று நூறு சின்ன அடி அடிப்பவனுக்கு இங்கே பயனில்லை. ஒரே அடி, அது பெரிய அடியாக இருக்க வேண்டும், அடித்தபின் 4 நொடி ஓட வேண்டும். நெருப்பு எலிமென்டலிஸ்டின் நடை இதிலிருந்து வருகிறது: நில், அடி, விலகு. எதிரி எரிந்துகொண்டிருக்க, அவனுடைய அடிகளிலிருந்து தப்புவது மட்டுமே அடுத்த 4 நொடிக்கு வேலை. அவசரக்காரர்கள் இரண்டாவது முறை அழுத்திவிடுவார்கள். தேவையில்லை என்று கைக்குத் தெரிய நாளாகும்.

அந்த ஒரே அடி எங்கிருந்து வரும்? பிணத்திலிருந்து. ‘டெடனேட் டெட்’ என்ற மந்திரம் தரையில் கிடக்கும் பிணத்தை வெடிக்கவைக்கிறது. செத்தவனுக்கு உயிரோடு இருந்தபோது எவ்வளவு உயிரளவு இருந்ததோ, அதில் ஒரு பங்கு வெடிப்பின் வலுவாகச் சேர்கிறது. ஆகவே பெரிய உடம்புக்காரனின் பிணம் பெரிய நெருப்பு. தனியாக நிற்கும் பாஸின் முன்னால் பிணம் ஏது? அதற்கு ‘டெசிகிரேட்’ இருக்கிறது, தரையைத் தீட்டாக்கி எங்கிருந்தோ பிணங்களை வரவழைக்கும். வருகிற பிணங்கள் அந்த வட்டாரத்து அரக்கர்களுடையவையாகவும், நீங்கள் வைத்திருக்கும் ஸ்பெக்டர்களின் இனமாகவும் இருக்கும். இது தெரிந்தவர்கள், சண்டை போடத் தெரியாத, ஆனால் உடல் பெருத்த ஓர் அரக்கனை ஸ்பெக்டராக எழுப்பிக் கூடவே கூட்டிக்கொண்டு அலைவார்கள். அவன் அடிக்க வேண்டாம், ஆடாமல் நின்றால் போதும். தரையில் வந்து விழும் பிணங்கள் அவன் இனமாக, அவன் கனத்தோடு விழும். நெக்ரோமான்சர் ஸ்பெக்டரைத் திறமைக்காக வைத்துக்கொள்கிறாள், எலிமென்டலிஸ்ட் எடைக்காக வைத்துக்கொள்கிறாள். ஒரே மந்திரம்தான், மனசு வேறு.

பிணம் கிடக்கும் வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இவளோ பிணத்தையே அடுப்பாக்கிவிடுகிறாள். தோட்டத்துப் பாட்டி யாராவது திரையை எட்டிப் பார்த்தால் என்ன சொல்வாரோ!

மூன்றாமவள் ஆக்கல்டிஸ்ட். இவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை தானாக எங்கள் ஊரைப் பற்றி எழுதத் தொடங்குகிறது. கோத்தா திங்கி, சாபத்தால் பேர் பெற்ற ஊர். மலாக்கா அரச மரபின் கடைசி மன்னரான சுல்தான் மாஹ்முட் 1699இல் இங்கே கொல்லப்பட்டார். அவர் சமாதி இன்றும் கம்போங் மாக்காமில் இருக்கிறது. கொலை வரலாறு. காரணமாகச் சொல்லப்படுவது ஊர்க்கதை: அரச தோட்டத்துப் பலாச்சுளை ஒன்றை மசக்கையில் தின்றுவிட்ட குற்றத்துக்காகத் தளபதி மெகாட் ஸ்ரீ ராமாவின் மனைவி வயிறு கிழிக்கப்பட்டாள், கடல்மேல் போயிருந்த தளபதி திரும்பி வந்து, தொழுகைக்குத் தோளில் சுமந்து செல்லப்பட்ட மன்னரைக் குத்தினான் என்பார்கள். குத்துப்பட்ட மன்னர் சாகுமுன் சாபமிட்டாராம்: உன் வம்சத்தில் ஏழு தலைமுறைக்கு யார் கோத்தா திங்கி மண்ணை மிதித்தாலும் இரத்தம் கக்கிச் சாவார்கள். தளபதியின் ஊரான பிந்தான் தீவைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள் இந்த ஊருக்கு வரத் தயங்கிய கதைகளை இங்கே பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். கே. எம். பாஸ்கர் இயக்கத்தில் 1961இல் இது மலாய்ப் படமாகவும் வந்தது.

நல்ல சாபத்துக்கு வேண்டிய எல்லாம் அந்தக் கதையில் இருக்கிறது. யார்மேல், எந்த எல்லைக்குள், எத்தனை காலம், என்ன நடக்கும் என்பது தெளிவாக வரையப்பட்டிருக்கிறது. ஆக்கல்டிஸ்டின் சாபமும் அப்படித்தான். தரையில் ஒரு வட்டம், அதற்குள் நிற்பவர்கள் மேல், இத்தனை நொடி, இன்ன கேடு. ‘டெஸ்பேர்’ சாபம் நஞ்சடியை ஆழப்படுத்தும். ‘டெம்போரல் செயின்ஸ்’ கால்களைக் கட்டும். ‘என்ஃபீபிள்’ அடிக்கிற கையைத் தளர்த்தும். சாதாரணமாக ஓர் எதிரிமேல் ஒரு சாபம்தான் நிற்கும், இரண்டாவதைப் போட்டால் முதலாவது நீங்கிவிடும். ஆக்கல்டிஸ்ட் உரிய புள்ளியை எடுத்தால் கூடுதலாக ஒன்று நிற்கும். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆடும்போது தெரியும், கால் கட்டப்பட்டவனின் கையும் தளர்ந்திருப்பது எப்பேர்ப்பட்ட நிம்மதி என்று. ‘பிளாஸ்ஃபமி’ என்ற துணைக்கல்லைச் சேர்த்தால் சாபத்தை வாய்விட்டுச் சொல்லவும் வேண்டாம். அவளைச் சுற்றி ஒரு வட்டமாக அது கூடவே நடக்கும். அந்த வட்டத்தை மிதித்தவன் சபிக்கப்பட்டவன். எல்லையில் கால் வைத்தாலே பலிக்கும் சாபம் எங்கள் ஊருக்குத் தெரியாததா!

இவளுக்கு மிகப் பொருத்தமானது என்று நான் நினைக்கும் மந்திரச் சோடி ‘கான்டேஜியன்’, ‘எசன்ஸ் டிரெயின்’. கான்டேஜியன் ஒரு தொற்று. தனியாகப் பார்த்தால் பலவீனமானது, யாரையும் உடனே கொல்லாது. அது பிடித்தவன் செத்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பரவும், அவ்வளவுதான். எசன்ஸ் டிரெயின் ஒருவனை மட்டும் தாக்கி உயிரை உறிஞ்சும், பரவத் தெரியாது. இரண்டும் ஒருவன்மேல் சேர்ந்து இருக்கும்போது அவன் செத்தால், தொற்று தன்னோடு உறிஞ்சலையும் தூக்கிக்கொண்டு பரவுகிறது. முடமானவனைக் குருடன் சுமந்து நடந்த கதை இங்கே கொலைத்தொழிலுக்கு வந்துவிட்டது. கூட்டத்தின் ஓரத்தில் நிற்கும் ஒருவனைத் தொட்டுவிட்டு நகர்ந்தால் போதும். அவன் விழுவான், அடுத்தவன் தளர்வான், வரிசை வரிசையாகச் சாவு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அறைக்குள் நுழையாமல் அறையை வெறுமையாக்கலாம். முதலில் யாரைத் தொடுவது என்பதில்தான் ஆட்டக்காரரின் தரம். பெரியவனைத் தொட்டால் அவன் சாக நேரமாகும், தொற்று அவனோடு தேங்கிவிடும். சீக்கிரம் சாகக்கூடிய, ஆனால் நெருக்கத்தின் நடுவில் நிற்கிற ஒரு அற்பனைத் தேடிப்பிடிக்க வேண்டும்.

கடைசியில் பிணம். ‘புரொஃபேன் புளூம்’ என்ற புள்ளியை எடுத்தவள் கொல்லும் சபிக்கப்பட்ட எதிரி, சில வேளைகளில், விழுந்த கணமே வெடிக்கிறான். அவனுடைய முழு உயிரளவில் கால் பங்கு நஞ்சடியாகச் சுற்றிலும் தெறிக்கிறது. அந்த அடியில் அடுத்தவன் செத்தால் அவனும் வெடிக்கலாம். எல்லாரும் வெடிப்பதில்லை, எவன் வெடிப்பான் என்று முன்கூட்டித் தெரியாது. இந்த நிச்சயமின்மைதான் சுவை. எல்லாப் பிணமும் வெடித்திருந்தால் அது வெறும் பட்டாசு. இப்போது அங்கொன்றும் இங்கொன்றுமாக, தாளம் தப்பித் தப்பி வெடிக்கிறது. வெடித்த இடத்தில் எழுப்பவும் எரிக்கவும் எதுவும் மிஞ்சுவதில்லை. மற்ற இருவரும் பிணத்தைச் சொத்தாக நினைக்கிறார்கள். இவள் அதைக் கடனாக நினைத்து அங்கேயே தீர்த்துவிட்டுப் போகிறாள்.

பாஸ்களின் மேல் சாபம் முழுதாகப் பலிக்காது என்ற குறை உண்டு. மன்னர்களின் சாபத்துக்கே விதிவிலக்குகள் இருக்கும்போது இவளை நொந்து என்ன பயன்.

மந்திரம் தெரிந்தவர் வேறு பாத்திரங்களிலும் உண்டு. டெம்பிளர் கிழவரின் உட்பிரிவான ஹையரோஃபன்ட், தூண்களை நட்டு அவற்றை மந்திரம் சொல்லவைப்பார். இன்னொரு பிரிவான இன்குயிசிட்டர் தான் நிற்கும் தரையைப் புனிதமாக்கிக்கொள்வார். இருவரும் கண்ணியமானவர்கள். கண்ணியத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை.

இங்கிருந்து ஆடுபவர்களுக்கு இடத்தின் நயம் ஒன்று உண்டு. கோத்தா திங்கியிலிருந்து ஜொகூர் பாரு 40 கிலோமீட்டர் சொச்சம். நீரிணையைத் தாண்டினால் சிங்கப்பூர், அங்கே ஆட்டத்தின் சர்வர்கள் இருக்கின்றன. நுழையும்போதே சிங்கப்பூரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். நல்ல ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டில், விரல் அழுத்துவதற்கும் சூனியக்காரி கை தூக்குவதற்கும் இடையில் காத்திருப்பே தெரியாது. 2015இல் ‘லாக்ஸ்டெப்’ என்ற முறை வந்தது. சர்வரின் ஒப்புதல் வந்த பிறகே திரையில் அசைவு நடக்கும், ஆகவே திரையில் தெரிவதே உண்மை. இணைப்பு மெதுவான ஊர்க்காரர்கள் இதில் ஆட முடியாமல் பழைய முறையிலேயே இருக்கிறார்கள். அதில் கணினி ஊகித்து வரைகிறது, நீங்கள் நிற்பதாக நினைக்கும் இடமும் உண்மையில் நிற்கும் இடமும் சில வேளை வேறு. கோடாரிக்காரனுக்கு அரை அடி பிசகினால் ஒன்றும் குடிமுழுகாது. ‘ஃபிளேம் டேஷ்’ மந்திரத்தால் சுழலும் ரம்பத்தைத் தாவும் விட்சுக்கு அந்த அரை அடிதான் உயிர். தோட்டத்துக்குள்ளே கைப்பேசிச் சமிக்ஞையைப் பகிர்ந்து ஆடுகிற பிள்ளைகள், ஊர் நடுவில் ஃபைபரில் ஆடுகிற பிள்ளைகளைவிடப் பின்னால் நின்று ஆடக் கற்றுக்கொள்கிறார்கள். கவனித்துப் பாருங்கள், அவர்களில் பலர் நெக்ரோமான்சர் எடுத்தவர்களாக இருப்பார்கள்.

இரண்டாம் ஆட்டம் வந்தபோது பிணத்தின் கதை திசை மாறியது. பாத் ஆஃப் எக்ஸைல் 2, அமெரிக்க மேற்குக் கரையில் 2024 டிசம்பர் 6 காலை 11 மணிக்கு முன்னணுக்கமாகத் திறந்தது. நமக்கு அது 7ஆம் தேதி விடியற்காலை 3 மணி. உலகம் முழுவதும் வரிசையில் நின்று உள்ளே போனது. அங்கே விட்ச் இருந்தாள், எலும்புப் படையும் இருந்தது. ஆனால் அந்த எலும்பு வீரர்கள் எழப் பிணம் தேவையில்லை. விழுந்தால் கொஞ்ச நேரத்தில் தாமாகவே எழுந்து வருகிறார்கள். முதல் ஆட்டத்தின் நெக்ரோமான்சரை அறிந்தவர்களுக்கு இது ஏமாற்றம். சிக்கனமே போய்விட்டதே என்று நானும் முனகினேன். பிறகு அவளுடைய புதிய உட்பிரிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது புரிந்தது: எதிரியின் உடம்பை விட்டுவிட்டு இவள் இப்போது தன் உடம்பில் கை வைத்திருக்கிறாள்.

பிளட் மேஜ் ஒவ்வொரு மந்திரத்துக்கும் மந்திரசக்தியோடு உயிரையும் விலையாகக் கொடுக்கிறாள். எதிரிகளிடமிருந்து சிந்தும் இரத்தத் துளிகளை ஓடிப்போய்ச் சேர்த்துக்கொண்டால் உயிர் தன் முழு அளவையும் தாண்டி நிரம்பும். பின்னால் நிற்பதே மந்திரவாதியின் வழக்கம் என்றிருந்ததை இது உடைக்கிறது. இரத்தம் சிந்திய இடம் எதிரியின் காலடி, அங்கே போயாக வேண்டும். இன்ஃபெர்னலிஸ்டுக்கு ஒரு நரக வேட்டைநாய் துணை, அவள்மேல் விழும் அடியில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும். பைரவரைக் கும்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கூட்டணியை விளக்க வேண்டியதில்லை. அதே இன்ஃபெர்னலிஸ்ட் பேயுருவம் எடுத்தால் மந்திரங்கள் பயங்கரமாக வலுவேறும், ஆனால் உருவில் இருக்கும் ஒவ்வொரு நொடியும் உயிர் கரையும், போகப் போக வேகமாகக் கரையும். சாமியாடுபவரை எப்போது தண்ணீர் தெளித்து மலையேற்ற வேண்டும் என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிய வேண்டுமே, அந்தக் கணிப்பு இங்கே ஆடுபவரிடமே விடப்பட்டிருக்கிறது. 2025 ஏப்ரலில் சேர்ந்த லிச் இன்னும் ஒரு படி மேலே போனாள். அவளுக்குரிய ஒரு புள்ளியை எடுத்தால், மந்திரக் கவசம் இருக்கும்வரை அவள் உயிரளவு ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. உயிர் அசையாத உடம்புக்குப் பேர் என்ன? பிணத்தைத் தேடித் திரிந்தவள் முடிவில் தானே பிணமாகி நிற்கிறாள். மூன்று உட்பிரிவுகளும் தனித்தனியாக அமைக்கப்பட்டவையாக இருக்கலாம். சேர்த்துப் பார்க்கும்போது ஒரு கதையாக இருக்கின்றன.

புதிய ஆட்டத்தில் சோர்சரெஸ் என்று இன்னொருத்தியும் உண்டு. அவளுடைய உட்பிரிவுகளில் ஸ்டார்ம்வீவர் புயல்களைக் கிளப்புவாள். அவளைவிட குரோனோமான்சர் சுவையானவள். நடந்த வழியில் காலத்தை விட்டுவைத்து, ஆபத்து வந்தால் சில நொடி முன்பு எங்கே நின்றாளோ அங்கே, அப்போதிருந்த உயிரளவோடு திரும்பிவிடுவாள். இதில் தேர்ந்தவர்கள் வேண்டுமென்றே தவறான இடத்தில் போய் அடித்துவிட்டு, அடி திரும்பி விழுமுன் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறார்கள். பார்க்க அழகு. இருந்தும் இவளிடம் எனக்கு ஒட்டுதல் வரவில்லை. காலத்தையே திருப்பத் தெரிந்தவளுக்கு எதன்மேலும் அக்கறை இல்லாதது போல ஒரு நடை.

எனக்குத் தனிப்பட்ட முறையில் முதல் ஆட்டத்தின் ஆக்கல்டிஸ்டுதான் இவர்கள் அனைவரிலும் மேல். நெக்ரோமான்சர் இரண்டாவது. எலிமென்டலிஸ்ட், நெருப்போடு மட்டும் நின்றால் மூன்றாவது, மூன்று நிறத்தையும் கலந்தால் கணக்கிலேயே இல்லை. இரண்டாம் ஆட்டத்தில் பிளட் மேஜ்.

புதிதாகத் தொடங்குவோருக்கு: முதல் ஆட்டம் இலவசம். விட்சை எடுங்கள். கான்டேஜியன் 4ஆம் நிலையிலேயே கிடைக்கும், எசன்ஸ் டிரெயின் 12ஆம் நிலையில் கைக்கு வரும், அதுவரை பொறுங்கள். முதல் மாளிகையில் இசாரோவை வென்று, உட்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் பீடத்தின் முன் நிற்கும்போது யாரையும் கேட்காதீர்கள், அதுவரை வந்த வழியில் எந்தப் பிணத்தின் முன் நின்றீர்கள் என்று மட்டும் நினைத்துப் பாருங்கள். ஒருமுறை செத்தால் போயிற்று என்ற ஹார்ட்கோர் முறை ஆசை காட்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை, மழையும் வெள்ளமும் மின்வெட்டுமாக இருக்கிற எங்கள் பக்கத்தில், அதை மட்டும் தயவுசெய்து எடுக்காதீர்கள்.